பதினொன்றிலிருந்து மூன்று வரை

அவளுடைய பெயர் வேலை அட்டையில் அச்சாகியிருக்கிறது. கூட வேலை செய்கிறவர்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை. அவர்களுக்கு அவள் 'சாண் அக்கா'. கட்டிலின் தலைப்பக்கத்திலிருந்து தலையணை ஒரு சாண், போர்வையின் மடிப்பு இரண்டு சாண், மேசை விளக்கு சுவரிலிருந்து அரைச் சாண். எல்லாவற்றுக்கும் அவளுக்குக் கைதான் அளவுகோல். மற்றவர்கள் போனில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத் தலையைச் சொறிந்துகொண்டிருக்கும் நேரத்தில் இவள் விரலை விரித்து வைத்து வேலையை முடித்திருப்பாள்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இப்போதெல்லாம் ஓட்டலுக்குப் போவதில்லை. யாரோ ஒருவருடைய வீட்டைப் போனிலேயே பிடித்து ஒரு நாளோ இரண்டு நாளோ தங்கிவிட்டுப் போகிறார்கள். ஒருவர் போய் இன்னொருவர் வருவதற்குள் அந்த வீட்டைச் சுத்தம் செய்வதுதான் அவள் வேலை. போகிறவர் காலை பதினோரு மணிக்குள் போய்விட வேண்டும், வருகிறவர் மத்தியானம் மூன்று மணிக்கு வரலாம். நடுவில் நாலு மணி நேரம். அதற்குள் விரிப்பு மாற்றி, குளியலறை தேய்த்து, குப்பை எடுத்து, வீடு விளம்பரப் படத்தில் இருப்பது போலவே ஆகிவிட வேண்டும். போலவே என்றால் போலவே. படத்தில் கெட்டிலின் மூக்கு ஜன்னலைப் பார்த்தால் நிஜத்திலும் ஜன்னலைப் பார்க்க வேண்டும். முடித்ததும் எட்டுக் கோணங்களில் படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அனுப்பிய பிறகு ஒரு துரும்பையும் அசைக்கக் கூடாது.

இருப்பதைப் பகிர்ந்துகொள்வது நல்ல குணம் என்று சின்ன வயதில் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். அதை மணிக்கணக்கில் வாடகைக்கு விடலாம் என்று யாரோ ஒரு புண்ணியவான் அப்புறம்தான் கண்டுபிடித்தான். அந்தத் தெருவில் இன்றைக்குப் பாதிப் பேருக்கு அதில்தான் பிழைப்பு. முனையில் இருக்கிற ஸ்டேஷனரிக் கடைக்காரர் நோட்டு விற்கிற காசைவிட, விருந்தினர்களின் சாவியை வாங்கிவைத்துக் கொடுக்கிற காசில்தான் கடையை நடத்துகிறார். எதிர்வீட்டு ரிட்டயர்டு தபால்காரர் தன் ஏணியை நாள் வாடகைக்கு விடுகிறார். முன்பு அதே ஏணியை ஓசியில் கொடுத்துவிட்டு, அது திரும்பி வராமல் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டு போனவர் அவர். சாண் அக்காவின் வேலையை மேற்பார்வை பார்க்கிற தம்பிக்குச் சொந்தமாக ஸ்கூட்டர்கூடக் கிடையாது. தெருவில் எந்தப் பொது ஸ்கூட்டர் நிற்கிறதோ அதைப் போனால் திறந்து ஏறிக்கொள்வான், போன இடத்தில் விட்டுவிட்டு வருவான். எல்லாம் எல்லாருக்கும் பொது. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.

சாண் அக்காவுக்கு வேண்டியிருந்தது பொது இல்லை. ஒரு கதவு, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள், அதற்கு இந்தப் பக்கம் அவளும் அவள் வீட்டுக்காரரும். அவ்வளவுதான் அவள் ஆசை.

மூன்று வருஷத்துக்கு முன்புவரை அது இருந்தது. இரண்டு அறை உள்ள வாடகை வீடு, பன்னிரண்டு வருஷம் குடியிருந்தார்கள். ஒரு நாள் வீட்டு உரிமையாளர் வந்து நின்றார். கெட்டவர் இல்லை, சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டுதான் சொன்னார். "நீங்க மாசத்துக்குக் குடுக்கிறத, அந்த ஆப்ல போட்டா ஒரே வாரத்துல குடுத்துட்டுப் போறாங்கம்மா. நான் என்ன பண்ணட்டும்?" அவர் என்ன பண்ணுவார். காலியான வீடெல்லாம் இப்படியே போனதில், மிச்சமிருந்த வீடுகளுக்கு யானை விலை சொன்னார்கள். மகன் வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறான், அட்வான்ஸுக்கு வைத்திருந்ததெல்லாம் அவன் படிப்புக்குப் போனது. 'கொஞ்ச நாளைக்கு' என்று சொல்லி அவள் தன் அக்கா வீட்டுக்குப் போனாள். 'கொஞ்ச நாளைக்கு' என்று சொல்லி வீட்டுக்காரர் தான் வேலை செய்கிற குளிர்பதனக் கிடங்கின் விடுதிக்குப் போனார். அந்தக் கொஞ்ச நாள்தான் இன்னும் முடியவில்லை.

அக்கா வீட்டில் அவளுக்கு ஹாலில் படுக்கை, இரண்டு பக்கமும் அக்காவின் இரண்டு பெண்கள். சின்னவள் தூக்கத்தில் உதைப்பாள். அக்கா இதுவரை முகம் சுளித்ததில்லை. அதனாலேயே, ஒரு டம்ளர் தண்ணீர் கூடுதலாகக் குடிப்பதற்குக்கூட இவளுக்குச் சங்கடமாக இருக்கும். வீட்டுக்காரருக்குக் கிடங்கு விடுதியில் ஓர் அறையில் மூன்று அடுக்குக் கட்டில் இரண்டு, ஆறு ஆண்கள். நாற்பத்தெட்டு வயதில் மேல் அடுக்கில் ஏறிப் படுக்கிறார். போனில் பேசலாம் என்றால் இங்கே நாலு பேர் காது, அங்கே ஐந்து பேர் காது.

"சாப்டீங்களா?"

"ம். நீ?"

"ஆச்சு."

"சரி."

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆனவர்களின் மூன்று வருஷப் பேச்சு இவ்வளவுதான்.

இந்த நிலைமையில்தான் ஐந்தாவது மாடி பி வீடு அவள் பட்டியலுக்கு வந்தது. அது அவர்களுடைய பழைய வீடு என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். இல்லை. அது வேறு தெரு, வேறு கட்டடம், எல்லா வீடும் போல ஒரு வீடு. ஓர் அறை, ஒரு சின்னச் சமையலறை, ஒரு பெரிய ஜன்னல். அங்கே அவள் தனியாக வேலை செய்தாள், அதுதான் விசேஷம். மற்ற வீடுகளுக்கெல்லாம் இரண்டு இரண்டு பேராக அனுப்புவார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை லிஃப்ட் நின்றுபோனது. புது மெத்தை கீழே வந்து கிடக்கிறது, மேலே ஏற்ற ஆள் இல்லை. செவ்வாய் அவள் வீட்டுக்காரருக்கு வார விடுமுறை. அவரை வரச் சொன்னாள். இரண்டு பேருமாக ஐந்து மாடி இழுத்துப் போட்டார்கள். வேலை முடிந்து எட்டுப் படமும் அனுப்பியபோது மணி ஒன்று. மூன்றுக்குத்தான் விருந்தினர். அவள் கதவைச் சாத்தினாள். வேண்டுமென்று சாத்தவில்லை, காற்றுக்கு அடித்துக்கொண்டிருந்தது. சாத்திய பிறகுதான் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் அவர் வந்தார். வெளியாளை உள்ளே விடக் கூடாது என்பது கம்பெனி விதி. வீட்டுக்காரர் வெளியாள் ஆவாரா என்று அவள் யாரையும் போய்க் கேட்கவில்லை. படம் அனுப்பியாகிவிட்டதால் கட்டிலில் உட்கார முடியாது, சோபாவில் சாய முடியாது, டம்ளரை எடுக்க முடியாது. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டைச் சிந்தாமல் சாப்பிடுவார்கள். சில நாள் அவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவார். அவள் எழுப்ப மாட்டாள், இரண்டே முக்கால் எப்போது ஆகும் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். எதிரில் கட்டில், சுருக்கமில்லாத விரிப்போடு. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அது ஒரு சாப்பாட்டுக்கு மட்டும் சொன்னதில்லை.

ஒரு நாள் அவர் கட்டிலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாமளே ஒரு நாள் தங்கினா என்ன?"

"லாட்டரி விழுந்திருக்கா?"

பேச்சு அத்தோடு போனது. இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை மாலை, மறுநாள் பட்டியல் போனில் வந்தது. ஐந்து பி, மூன்று மணி, இரண்டு பேர், ஒரு இரவு. கீழே விருந்தினர் பெயர். தினமும் கூடவே வருகிற பெயர்தான், அச்சில் பார்த்ததும் யாரோ வேற்றாள் பெயர் போல இருந்தது. அவள் உடனே போன் போட்டாள்.

"ஏங்க, அஞ்சு பி-ல உங்க பேரு வருது."

"ம்."

"உங்களுக்கு என்ன பைத்தியமா?"

"ம்."

"எவ்ளோ ஆச்சு?"

"சாப்டியா?" என்றார் அவர். ஐந்து பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவளுக்கு நேரம் போதவில்லை. ஃபிரிட்ஜை நகர்த்திப் பின்பக்கம் துடைத்தாள். ஜன்னல் கம்பி ஒவ்வொன்றையும் துணியால் உருவினாள். குழாய்க்கு மேலே யாரும் பார்க்காத இடத்தில் படிந்திருந்த உப்பைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தாள். எட்டுப் படமும் அனுப்பியபோது மணி இரண்டரை. கீழே இறங்கிப்போய்ச் சாவியை ஸ்டேஷனரிக் கடையில் கொடுத்துவிட்டு, துணி வெளுக்கிற கடையில் முகம் கழுவிப் புடவை மாற்றிக்கொண்டு, மறுபடி அந்தக் கடைக்கே போனாள். வீட்டுக்காரர் அங்கே கையில் பையோடு நின்றுகொண்டிருந்தார்.

கடைக்காரர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்னம்மா, மறுபடியுமா?"

"ஒண்ணு மறந்துட்டேண்ணே."

"மறந்தது இவரையா?" என்று கேட்டுவிட்டுச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

மூன்று மணிக்குக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார்கள். எத்தனையோ செவ்வாய்க்கிழமை அவர்களை வெளியே தள்ளிய மூன்று மணி, இன்றைக்கு அவர்களை உள்ளே விட்டது. அவர் நேராகப் போய்க் கட்டிலில் விழுந்தார்.

"எந்திரிங்க. மடிப்பு கலையுது."

"நாளைக்கு நீதானே போடப்போற. கலையட்டும்."

அவளால் உட்கார முடியவில்லை. கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு கட்டிலின் ஓரத்தில், பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரருக்கு இடம் விட்டு உட்காருவது போல, ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்தாள். என்ன பேசுவது என்று தெரியவில்லை. இவ்வளவு நேரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. கடைசியில் வாயில் வந்தது இதுதான்.

"அந்த பீரோவ ஏன் என்னைக் கேக்காம குடுத்தீங்க?"

வீடு காலி பண்ணும்போது அவர் அவளுடைய பீரோவைப் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். மூன்று வருஷமாக அது அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. சண்டை போட இடம் கிடைக்கவில்லை. அக்கா வீட்டில் முடியாது. போனில் முடியாது. செவ்வாய்க்கிழமை இரண்டு மணி நேரத்தைச் சண்டையில் செலவழிக்க மனசு வராது.

"வைக்க எடம் எங்க இருந்துச்சு?" என்று அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"கேட்டிருக்கலாம்ல. எங்கம்மா வாங்கிக் குடுத்தது."

"உங்கக்கா வீட்டுல வச்சுக்கன்னேன். நீதான் கேக்கக் கூச்சப்பட்ட."

"நான் கூச்சப்பட்டா நீங்க தூக்கிக் குடுத்துடுவீங்களா?"

அவள் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். பீரோவில் ஆரம்பித்தது அவர் தங்கை கல்யாணத்துக்குப் போய், அங்கிருந்து மகன் படிப்புக்கு வந்து, அவள் ஒரு தடவை கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தையில் நின்றது. நல்ல சண்டை. மனம்விட்டு, தொண்டை விட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல். வாயும் வயிறும் காய்ந்துபோன பிறகு அவர்தான் முதலில் சிரித்தார். அவள் முட்டை வாங்கிவரச் சொன்னாள். படத்தில் இருக்கிற அந்த வாணலியில், படத்தில் இருக்கிற அந்தக் கரண்டியால், முதல் தடவையாகச் சமைத்தாள். மூன்று வருஷத்தில் அவர்கள் இரண்டு பேரும் உண்மையாகச் சந்தோஷமாக இருந்தது அந்த மாலைதான். அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல எனக்குத் தெரியாது, கதவு சாத்தியிருந்தது.

காலையில் அவர் ஒன்பது மணிவரை தூங்கினார். பத்து மணிக்குப் போன் சத்தம் கொடுத்தது. 'வெளியேறும் நேரம் பதினொன்று. உங்கள் பொருள்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.' அவருக்கு இரண்டு மணிக்குத்தான் ஷிஃப்ட், இன்னும் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் புதன்கிழமை மேற்பார்வைத் தம்பி சோதனைக்கு வருகிற நாள். இருங்கள் என்று சொல்ல அவளுக்கு வழியில்லை. பத்தே முக்காலுக்கு அவர் பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். என்ன சொல்லிவிட்டுப் போவது என்று தெரியாத விருந்தாளி மாதிரி நின்றார்.

"வரட்டா?"

"பாத்துப் போங்க."

கதவைச் சாத்திவிட்டு அவள் வாளியை எடுத்தாள். விரிப்பை உருவினாள். தலையணை உறையைக் கழற்றும்போது அதை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். கொஞ்ச நேரம்தான். பதினொன்றேகாலுக்குத் தேய்க்க ஆரம்பித்தவள் ஒன்றேகாலுக்கு எட்டுப் படமும் அனுப்பிவிட்டாள். தம்பி வந்து பார்த்து, "சூப்பர்க்கா" என்றான்.

அந்த நேரத்தில் அவள் வீட்டுக்காரர் கிடங்குக்குப் போகிற பேருந்தில் உட்கார்ந்திருந்தார். போனில் ஒரு கேள்வி வந்தது. தங்கியது எப்படி இருந்தது, ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை. அவர் நிறைய யோசித்து நாலு போட்டார்.

பள்ளிக்கூடத்தில் ஐந்துக்கு நாலு வாங்கினவனுக்கு மிட்டாய் வாங்கித் தருவார்கள். இந்தத் தொழிலில் ஐந்துக்கு நாலு என்றால் ஃபெயில். ஐந்துதான் பாஸ், அதற்குமேல் மார்க்கே கிடையாது. இது உள்ளே இருக்கிறவர்களுக்குத் தெரியும். வெளியே இருக்கிற நல்ல மனுஷன் யாருக்கும் தெரியாது. ஏற்கெனவே ஒருவர் லிஃப்ட் நின்றதற்கும் இன்னொருவர் மழை பெய்ததற்கும் ஒவ்வொரு நட்சத்திரம் குறைத்திருந்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. அஞ்சு பி ரேட்டிங் நாலு புள்ளி எழுபத்தேழுக்கு எறங்கிடுச்சு. எண்பதுக்குக் கீழ போனா ஆள மாத்தச் சொல்லி சிஸ்டமே அனுப்பிடும். என் கையில ஒண்ணும் இல்லக்கா."

"யாரு தம்பி கொறச்சது?"

"போன செவ்வாக்கெழம தங்கினவரு. பேரு பாக்கவா?"

"வேணாம்."

"சுத்தத்துக்கு அஞ்சு போட்டிருக்காருக்கா, அதச் சொல்லணும். மொத்தத்துக்குத்தான் நாலு. காரணம் ஏதோ எழுதியிருக்காரு, அது வீட்டு ஓனருக்குத்தான் போகும், எனக்குத் தெரியாது. உங்களுக்கு நாலாவது மாடி தரேன். ரெண்டு பேரா செய்யற வீடு, வேல சுலபம்."

தங்கினவர் என் வீட்டுக்காரர் என்று சொன்னால் ஏன், எப்படி, எத்தனை நாளாக என்று நூல் பிடித்துக்கொண்டு போகும், இருக்கிற வேலையும் போகும். சரி தம்பி என்றாள். ஹாலில் அக்காவின் பெண்கள் இரண்டு பேரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் சுபாவம் அவளுக்குத் தெரியாதா. மகன் தொண்ணூற்றெட்டு வாங்கி வந்தபோது மீதி இரண்டு எங்கே என்று கேட்டவர். சமையலுக்கு இருபத்திரண்டு வருஷமாக அவர் கொடுத்த உச்சபட்சப் பட்டம் 'பரவாயில்லை'. பெண்டாட்டி தேய்த்த வீட்டுக்கும் அந்தக் கஞ்சத்தனம்தான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது போல, இருந்த ஒரே கதவையும் தன் கையாலேயே சாத்திக்கொண்டார் மனுஷன்.

செவ்வாய்க்கிழமை ஒரு மணிக்கு அவர் வழக்கம்போல வந்தார். சாப்பாட்டுப் பை, சவரம் செய்த முகம், வாசலிலேயே சிரிப்பு. அவள் அவரை மேலே கூட்டிக்கொண்டு போகவில்லை. கட்டடத்துக்குப் பின்னால் துணி வெளுக்கிற கடைக்குக் கூட்டிப்போனாள். நாலாவது மாடி விரிப்புகளெல்லாம் அங்கே உலர்த்துகிற மெஷினில் சுற்றிக்கொண்டிருந்தன. கூட வேலை செய்கிற பெண் மேலே தரை துடைத்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் ஏற்கெனவே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இவர்கள் நின்றார்கள்.

"அஞ்சு பி போயிடுச்சுங்க," என்றாள், குரலைத் தாழ்த்தி.

"போயிடுச்சுன்னா?"

"வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. நாலு ஸ்டார் போட்டீங்கள்ல."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. "நாலு நல்ல மார்க்குதானே," என்றார்.

"அஞ்சு போட்டா என்ன கொறஞ்சு போயிருப்பீங்க? நான் தேச்ச தேப்புல என்ன கொற கண்டீங்க நீங்க?" பெஞ்சிலிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"உன் வேலைல கொற சொல்வேனா. சுத்தத்துக்குத் தனியா கேட்டான், அதுக்கு அஞ்சு போட்டேன்."

"அப்ப எதுக்குக் கொறச்சீங்க?"

அவர் சாப்பாட்டுப் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "எது சரியில்லன்னு கடைசியா கேட்டிருந்தான். பதினோரு மணிக்குக் கெளம்ப வேண்டியிருந்துச்சு, அது ஒண்ணுதான் கொறன்னு எழுதினேன். இன்னும் கொஞ்சம் இருக்க விட்டிருக்கலாம்னு எழுதினேன். எழுதக் கூடாதா?"

அவள் திட்டுவதற்கு எடுத்து வைத்திருந்த வார்த்தைகள் நிறைய. மெஷின் நின்றது. அவள் கதவைத் திறந்து, சூடாக இருந்த விரிப்புகளைக் கூடையில் அள்ளிப் போட்டாள். வழக்கமாக மேசைமேல் பரப்பி ஒற்றையாளாகத்தான் மடிப்பாள். இன்றைக்கு ஒரு விரிப்பை உதறி இரண்டு முனையைத் தான் பிடித்துக்கொண்டு, மற்ற இரண்டு முனையை அவரிடம் நீட்டினாள்.

"பிடிங்க."

அவர் பையைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தார். இரண்டு பேரும் எதிரெதிரே நின்று இழுத்தார்கள். அவள் சொல்லிக்கொடுத்தபடி பாதியாக மடித்து, கிட்டே வந்து முனையோடு முனை சேர்த்தார்கள். அவர் விரல் அவள் விரலில் பட்டது. பிறகு தள்ளிப்போய் மறுபடி இழுத்து, மறுபடி கிட்டே வந்தார்கள். கூடையில் பதினாலு விரிப்பு இருந்தது. அவள் அவசரப்படவில்லை.